ஒன்பதாம் இடத்துப் பட்டன்

என் தம்பி சின்ன வயதில் வாய் கூசாமல் பொய் சொல்வான். அதனால்தான் எனக்குப் பயம். காகிதம் வெட்டும் மெஷினில் விரல் நுனியைப் பறிகொடுத்தவன், "பட்டன அழுத்துனேன்க்கா, நிக்கல" என்றான். அழுத்தவே இல்லை என்றார் மேனேஜர். இன்று விசாரணை. அவன் பேச்சு எடுபடாவிட்டால் வேலைக்கும் ஆப்பு, காலத்துக்கும் பொய்யன் என்ற பெயர்.

மெஷின்களைச் செய்வது எங்கள் கம்பெனிதான். அவன் ஓட்டிப் பார்ப்பவன், நான் சோதனைப் பிரிவு. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் பிளேடு சமர்த்தாக நின்றது. அப்போதுதான் தம்பி மேலேயே சந்தேகம் வந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு புரோகிராமைத் திறந்தேன்.

நிறுத்தும் பட்டன் என்றால் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்க வேண்டும். எங்கள் மேதாவிகள் சிக்கனம் என்று அதை மைக்ரோகன்ட்ரோலர் வழியாக விட்டிருந்தார்கள். யாராவது கூப்பிட்டால் அந்தச் சிப் கைவேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். யாருக்கு முதல் மரியாதை என்பதை ஒரு எண் சொல்லும். வெட்டிய கணக்கை ஆபீஸ் திரைக்கு அனுப்பும் வேலைக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்பது.

இந்த மெஷினில் சமீபத்தில்தான் சிப்பை மாற்றியிருந்தார்கள். பழைய சிப்பில் பெரிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. புதிய சிப்பில் தலைகீழ். சின்ன எண்தான் பெரிய ஆள். இது தெரியாமல் எண்களை அப்படியே தூக்கி வைத்தால், கணக்கு வந்து சேர்ந்ததென்று ஆபீஸிலிருந்து வரும் பதில் தாமதமாகும்போது பட்டனின் கூப்பாடு வாசலிலேயே நிற்கும். பிளேடு பாட்டுக்கு இறங்கும்.

புரோகிராமைப் புதிய சிப்புக்கு மாற்றியவனை எல்லோரும் ஊமை என்போம். வாயைத் திறந்தால் அதிசயம். கேட்டேன். புதிய சிப்பிலும் பெரிய எண்தான் முதல் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். தெரியாமல் சொல்கிறானா, தெரிந்தே மறைக்கிறானா? முழிக்கிற முழியைப் பார்த்தால் தெரிந்துதான் என்று பட்டது. மேனேஜரோ அவன் பக்கம். ஒன்றைவிட ஒன்பது பெரியது என்பதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்?

விசாரணைக்கு எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றோம். தம்பி கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்றான். தம்பிக்காக நான் கதை கட்டுவதாக மேனேஜர் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்படின்னா கணக்கு போற நேரமா பாத்து நீங்க கைய வைங்க சார். பிளேடு எறங்கும்போது நான் பட்டன அழுத்துறேன்."

மனிதர் தயங்கவில்லை. சட்டைக் கையை மடித்தார். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. ஊமையைப் பார்த்துக்கொண்டே மெஷினின் சாவியைத் தொட்டேன்.

மேனேஜரின் கை பிளேடுக்குக் கீழே போவதற்குள் ஊமை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் சார். நிக்காது."

மேனேஜர் தன்னைப் பிடித்திருந்த கையையும் தம்பியின் கட்டுப்போட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி அழுதான்.

விசாரணைக்கு முன்பே கழற்றியிருந்த மோட்டாரின் ஃபியூஸை என் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன்.