பூவம்மா வீட்டில் இல்லாத குப்பை

சமையலறைக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க, ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து ஒரு வேன் ஏறி வந்தது. உள்ளே ஒரு பதாகை, ஓர் ஒலிபெருக்கி, பன்னிரண்டு அதிகாரிகள், திட்ட இணைப்பாளர் ரமணன்.

பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பெண்களை உட்காரவைத்து, "இது ஆரம்பநிலைப் பயிற்சிதான், பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னார் ரமணன். மரக்கறித் தோலை வீசக்கூடாது. மிஞ்சிய சோற்றைக் கொட்டக்கூடாது. தேங்காய்ச் சிரட்டைக்குக்கூட ஒரு பயன் உண்டாம். பிறந்ததிலிருந்து சிரட்டை அகப்பையில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கூட்டத்தில் இருந்த பூவம்மாவின் கண்ணோ மூலையில் நின்ற பச்சைப் பீப்பாயில் இருந்தது. நெஞ்சளவு உயரம், இறுக்கமான மூடி. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் குழாயில் விடியற்காலை ஒரு மணி நேரந்தான் தண்ணீர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுமுன் இரண்டு குடம் பிடித்தால் அதிர்ஷ்டம். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வந்தால் முகம் கழுவத் தண்ணீர் இராது.

"இது குப்பைய மக்கவைக்கிற கூட்டெருப் பீப்பாய். குப்பைய யாரு அதிகமாக் குறைக்கிறீங்களோ அவங்களுக்கு" என்றார் ரமணன். "வர்ற ஞாயிறு ஒரு கிழமைக் குப்பைய நிறுப்போம். அடுத்த ஞாயிறு திரும்ப நிறுப்போம்."

ஒரு வாரம் பூவம்மா காத்திருந்தாள். குப்பைதான் சேரவில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலாயிற்று. கழுநீர் பக்கத்து வீட்டு ராசம்மாவின் மாட்டுக்குப் போயிற்று. மிஞ்சிய சோறு காலையில் பழஞ்சோறு. சிரட்டை அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் சட்டி துலக்க. ஞாயிறன்று வெறுங்கையோடு போனாள்.

"எங்கம்மா குப்பை?"

"இல்லிங்க சேர்."

"மறந்துட்டீங்களா?"

"குப்பையே இல்லிங்க சேர்."

ரமணன் படிவத்தைக் காட்டினார். "பூச்சியம்னு போட்டா அதுக்குக் கீழ எப்பிடிக் குறைப்பீங்க? கம்பியூட்டர் ஏத்துக்காது."

"அப்ப வீட்ட சுத்தமா வச்சிருக்கிறது குத்தமா?"

"குத்தமில்லம்மா. ஆனா நீங்க முன்னேற இடமில்ல." இரக்கப்பட்டு மூன்று மணி வரை தவணை கொடுத்தார்.

பூவம்மா வெளியே வந்து தலையிலடித்துக்கொண்டாள். "குப்பைக்கு எங்கடி போவேன்?"

"மாட்டு வாயிலேருந்து பிடுங்கித் தரவா அக்கா?" என்றாள் ராசம்மா.

அப்போதுதான் இருவரும் மடுவத்தின் பின்பக்கம் பார்த்தார்கள். அதிகாரிகள் பகல் சாப்பாட்டை முடித்திருந்தார்கள். பன்னிரண்டு பார்சல் தாள்கள், பாதிப் பாதியாய்ச் சோறு, கோழி எலும்பு, குடித்தும் குடிக்காததுமான தண்ணீர்ப் போத்தல்கள்.

"அடியே, சாக்கக் கொண்டா!"

மூன்று மணிக்குத் தராசு நாலு கிலோ இருநூறு காட்டியது. ரமணனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? தேடிப் பாத்தா எல்லா வீட்டிலயும் இருக்கும்." பிறகு சாக்குக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "ஒரு கிழமையில இவ்வளவு கோழியா? சோத்தையும் பாதியில விட்டிருக்கீங்க!"

"திருந்தணும் சேர்" என்றாள் பூவம்மா, தலைகுனிந்து.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல வெறுங்கையோடு வந்தாள். நாலு கிலோ இருநூறிலிருந்து பூச்சியம்! கைதட்டல், மாலை, புகைப்படம். வீண்செலவில் மூழ்கியிருந்த ஒரு குடும்பத்தைத் தம் திட்டம் ஏழே நாளில் கரையேற்றியதாக ரமணன் இருபது நிமிடம் பேசினார்.

பேசி முடித்ததும் ஓர் ஆள் துளைபோடும் மெஷினோடு பீப்பாயை நெருங்கினான்.

"என்ன செய்றீங்க?" பூவம்மா அலறினாள்.

"கூட்டெருவுக்குக் காத்து வேணும்மா. சுத்திவர நாப்பது துளை."

பூவம்மா பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாலை நசுங்கியது. "வேணாம் சேர்! நாங்களே போட்டுக்கிறோம்."

"சரியாப் போடத் தெரியுமா?"

"பழகிக்கிறோம் சேர். இப்பதானே ஆரம்பநிலை."

ரமணன் நெகிழ்ந்துபோனார். அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை பீப்பாய் குழாயடியில் நின்றது. கழுத்துவரை தண்ணீர் ஏறியதும் ராசம்மா அதட்டினாள்:

"மூடியப் போடுக்கா. குப்பை விழுந்துரப் போகுது."