சாட்சியில் விட்டுப்போன ஊசி

கருவடிக்குப்பம் ஜெபவீட்டில் ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் முன்னால் நின்று சொல்லலாம். பாஸ்டர் செல்வகுமார் மட்டும் அந்த நேரத்தில் வாயே திறக்கமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார், கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சொல்வார், அவ்வளவுதான்.

சபையைச் சேர்ந்த நிர்மலாவும் ஒரு ஞாயிறு அப்படித்தான் எழுந்துபோய்ச் சாட்சி சொன்னாள். சர்க்கரைப் புண், காலையே எடுக்க வேண்டும் என்றிருந்த நிலைமை. சபையே உபவாசமிருந்து ஜெபித்தது, ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி போட்டார்கள், புண் ஆறியது. பாவம், இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னாள். பாஸ்டரின் மச்சான் தமிழ்மாறன் அந்த வீடியோவை யூடியூபில் போடும்போது ஆஸ்பத்திரிப் பேச்சைக் கத்தரித்துவிட்டான். நீளமாக இருந்தால் எவன் பார்ப்பான் என்றான். சரியில்லை என்று பாஸ்டருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரிந்தது. ஆனால் அடுத்த வாரமே வாசல்வரை நாற்காலி போட வேண்டியிருந்தது. மனுஷன் கம்மென்று இருந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தோடு வந்தவள்தான் உப்பளத்துச் செல்வாம்பாள். வேலை பார்த்த மில் மூடிய பிறகு வீட்டுவேலை செய்து பிழைப்பவள், கிறிஸ்தவளும் அல்ல. வீடியோவைப் பார்த்துவிட்டுப் பஸ் மாறி வந்தாள். ஒரு ஞாயிறு அவளே சாட்சி சொல்லப் போய் நின்றாள். தமிழ்மாறன் போனை அவள் பக்கம் திருப்பினான். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் சக்கரதான். நிர்மலாம்மா பேசுனத பாத்துட்டு ஊசிய நிறுத்திட்டேன். கிறுகிறுன்னுதான் வருது. அதுவும் போயிடும்."

சபை அல்லேலூயா என்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாஸ்டர் யோசித்தார். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். அது சுலபம், மானமும் போகாது. ஆனால் போனுக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனை செல்வாம்பாள்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ?

எழுந்துபோய் மைக்கை வாங்கினார். நிர்மலாவின் சாட்சியில் ஊசியும் இருந்தது, நாங்கள்தான் எடுத்துவிட்டோம், நிறுத்தியவர்கள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். தமிழ்மாறன் போனை இறக்கப் பார்த்தான். பிடிடா என்று அதட்டினார்.

செல்வாம்பாள் நகரவில்லை. "ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா ஐயா?"

"தெரியும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

கவனிக்காமல் நடந்துவிட்டது என்ற பதில் பாஸ்டரின் நாக்கு நுனிவரை வந்தது.

"கூட்டம் வந்துச்சும்மா. எனக்கு அது புடிச்சிருந்துச்சு," என்றார்.

அவரே ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. டாக்டர் திட்டியதையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். செல்வாம்பாள் பிழைத்துவிட்டாள். ஆனால் பார்க்கப் போன பாஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு நாற்காலிகள் பாதி காலி. சாட்சி நேரத்தில் பாஸ்டர் நிர்மலாவைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை வெட்டாமல் முழுசாகப் போடுவோம் என்றார். நிர்மலா முன்னால் வந்து மைக்கை வாங்கினாள்.

"நான் அன்னிக்கே முழுசாத்தான சொன்னேன் ஐயா," என்று மைக்கைத் திருப்பி அவரிடமே நீட்டினாள். "நீங்க சொல்லுங்க."

அவள் விலகிக்கொண்டாள். சாட்சி சொல்கிறவர்கள் நிற்கும் இடத்தில் பாஸ்டர் போய் நின்றார்.