அறுக்கச் சொன்ன கொடி

தன் வீட்டுப் பின்பக்க வடிகால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளம்பர் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார். பார்வைக்குத்தான் கொடி, அடித்தண்டு அவர் முழங்கை கனத்துக்கு மரமாகவே இறுகிப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறி மொட்டைமாடியில் பந்தலாகப் படர்ந்திருந்தது. சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, மறுநாள் சிவந்துவிடும். செடியை விற்றவர் ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, கடைசியில் மல்லி என்று முடித்திருந்தார்.

மதியம் மனைவி, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் செய்திருந்தாள்.

"என்னங்க, மாடியில அந்தக் கொடி இனிமே ஆகாது. வெள்ளைக் கோட்டெல்லாம் கறை, எவ்வளவு தேச்சாலும் போகல. இன்னிக்கே அறுத்துப் போட்டுடுங்க. கொஞ்சங்கூட மிச்சம் வைக்காதீங்க."

"நிஜமாவா சொல்ற?"

"எத்தனை நாளைக்குத்தான் வச்சு இழுக்கறது?" என்று போனை வைத்துவிட்டாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் காய்ச்சலில் போன நாளிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். செடியை நட்டது மகள்தான். ஒற்றைப் பிள்ளை. "எனக்குத்தான் யாருமில்லையே, இவதான் நம்ம சின்னவ" என்று பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் தண்ணீர் ஊற்றுவாள். அவள் போன பிறகு மனைவி தினமும் பூ விரியும் நேரத்துக்கு மாடியேறி, அதன் அடியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கீழே இவர் டீவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். அந்த வாசனை படியிறங்கி வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் வீடு இரண்டாகிவிடும்.

குழாய்களுக்குள் வேர் புகுந்து அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர். வெட்டினால் மட்டும் சாகாது, மறுபடி துளிர்க்கும் என்று தெரியும். அரைகுறை வேலை அவருக்கு ஆகவே ஆகாது. அடிக்கட்டையில் துளை போட்டு ஆசிட் பாட்டிலைக் கவிழ்த்தார். நுரைத்தது. பாவி மனசு, லேசாகக்கூட ஆனது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மனைவி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சுருள் நைலான் கயிற்றை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"துருப்பிடிச்ச கம்பிக்கு இது எவ்வளவோ தேவல. பழசைக் கழட்டியாச்சா?"

அவர் கயிற்றையே பார்த்தார். துணி காயப்போடுகிற கொடி. இந்த வீட்டில் அந்தச் செடியை யாரும் கொடி என்று சொன்னதே இல்லை; மகள் பெயர் வைத்த நாளிலிருந்து அது சின்னவதான். இதுகூடவா தெரியாமல் போயிற்று? தெரியாமல் இல்லை. காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது.

"இல்ல. கம்பி அப்படியேதான் இருக்கு."

"ஊரான் வீட்டுக் குழாய்னா மட்டும் ஓடுவீங்க" என்று சிரித்தபடி படியேறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார், சொல்லிவிடத்தான்.

மாடியில் மொட்டுகள் வழக்கம்போல வெள்ளையாக விரிந்துகொண்டிருந்தன. இலைகள் மட்டும் துவண்டு தொங்கின. அவள் ஓர் இலையை உள்ளங்கையில் ஏந்தினாள்.

"பாருங்க, சின்னவ எப்படி வாடிப்போயிட்டா. என்னா வெயில். போய் அடியில ரெண்டு வாளி ஊத்திட்டு வாங்க, நான் அதுக்குள்ள இதைக் கட்டிடறேன்."

இறங்கிப் போய் வாளியை நிரப்பினார். கட்டையின் மேல் ஊற்றியதும் ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. இன்னொரு வாளி ஊற்றினார். தண்ணீர் கட்டையைச் சுற்றிக்கொண்டு வடிகாலில் விழுந்தது. ஒரு விரற்கடை மேலே, அறுபட்ட தண்டு சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

"ஊத்தியாச்சா?" மேலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஊத்திக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி குழாயைத் திறந்தார்.