கோரம் இரண்டு பேர்

1

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் நாயகர் முதலில் ருமேனியாக்காரர். மன்னரையும் சிறையையும் பார்த்துவிட்டு, தன்னைப் பிடிக்காதவர்கள் அத்தனை பேரும் போன பிறகும் உயிரோடிருந்த ஒரு தாராளவாதக் கட்சிக்காரர். 'புக்கரெஸ்டில் பனி' என்று தொடங்கினேன். (பனிக்கட்டியை நான் மீன் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.) அடித்துவிட்டேன். ஆளைத் திருப்பாலைக்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இறக்கினேன். பெயர் பூமிநாதன், வயது தொண்ணூற்றேழு.

2

ஒரு முறை எம்.எல்.ஏ., ஒரு முறை ஜெயில், ஒன்பது முறை டெபாசிட் காலி. கூட இருந்தவர்கள் ஜெயிக்கிற கட்சிகளுக்குப் போனார்கள். கடைசியில் தாராளவாதக் கட்சியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். மற்றவர் சின்னக்கருப்பன். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் மாற்றுக் கட்சி மச்சினனுக்கு அவர் ஓட்டுப் போட்டதால், பூமிநாதன் அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்.

மறுநாள் காலை சின்னக்கருப்பன் வழக்கம்போல வந்து பேப்பர் வாசித்துக் காட்டினார். இருபத்தாறு வருடமாக வாசிக்கிறார்.

[நம்பும்படி இல்லை. இரண்டு தரம் அழித்தேன். அழித்தால் கதையே இல்லை.]

3

"ஏலே, நான் போயிட்டா கட்சிக் கொடிய யாரு போர்த்துவா?"

"நான் போர்த்துறேன் தலைவரே."

"உறுப்பினர்தான் போர்த்தணும். விதி பதினாலு. நான் எழுதுனது."

"அப்பச் சேத்துக்கிருங்க."

"நீக்குனவனச் சேக்கணும்னா பொதுக்குழு கூடணும். கோரம், அதான் கொறஞ்சது வரவேண்டிய ஆளு, ரெண்டு பேரு. இங்கன நான் ஒருத்தன்தான இருக்கேன்."

சின்னக்கருப்பன் பேப்பரை மடித்தார். "நான் அழுகலாம்ல? அதுக்கும் விதி இருக்கா?"

பூமிநாதன் விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். இல்லை.

4

கதைக்கு யோசித்த முடிவுகள்:

ஆளுங்கட்சிப் பாண்டித்துரை தன் கொடியோடு வந்து போர்த்துகிறார். எழுதக் கை வரவில்லை.

பூமிநாதன் விதியைத் தளர்த்துகிறார். இத்தனை வயது வரை வளையாத மனிதர் என் வசதிக்காக

நானே உறுப்பினராகிறேன். அரசு ஊழியர் சேரக் கூடாது, விதி ஒன்பது. எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை.

5

செவ்வாய்க்கிழமையிலிருந்து பூமிநாதனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. சின்னக்கருப்பன் கொடியை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். அழவும் செய்கிறார்.

புது உறுப்பினர் சேர, இருக்கிற உறுப்பினர் ஒருவர் கையெழுத்து போதும். பூமிநாதன் போட்டுவிட்டார். அந்த ஒரு ஆள் வந்தால் கோரம் ஆகிவிடும், சின்னக்கருப்பனைச் சேர்த்துவிடலாம். உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், கொள்கை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். படிவம் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

பெயர்: ........................