கழற்ற மறந்த மைக்

ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறதென்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இசையமைப்பாளரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள் இரண்டே நாளில் வீட்டைத் தலைகீழாக்கியிருந்தார்கள். அவருடைய மனைவி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். சாயங்காலம் கேமரா முன்னால் அவள் முறை. கேள்வியைக் காலையிலேயே சொல்லிவிட்டாள் இயக்குநர் பெண். "சார் இசையமைக்கும்போது வீட்ல எப்படி இருக்கும், டீச்சர்?"

பதில் பல வருஷமாக நாக்கு நுனியிலேயே இருந்தது. 'கதவைச் சாத்திக்கிட்டா அவருக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல.' ஊரே கேட்கட்டும். மகனுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தபோதுகூட அந்தக் கதவு திறக்கவில்லையே! உள்ளே ஒரு பியானோ இருந்தாலாவது மனசு ஆறும். மேஜை, பேனா, கோடு போட்ட தாள், அவ்வளவுதான். பூச்சி பூச்சியாக எதையோ எழுதுவார். சில மாதம் கழித்து மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து அதை வாசிப்பார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். டீச்சரும் தட்டுவாள், வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலைகளை யோசித்துக்கொண்டே.

மதியம் தன் பேட்டியை முடித்த கையோடு மனுஷன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்குள் மட்டும் யாருக்கும் அனுமதி கிடையாது. சவுண்ட்காரர் தலையில் கை வைத்தார்.

"ஐயையோ, சட்டையில மைக்கோடயே போயிட்டாரு! கதவைத் தட்டவா, டீச்சர்?"

"தட்டிப் பாருங்க, உங்களக் கடிச்சுத் துப்பிடுவாரு. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

சவுண்ட்காரர் பதிவை மட்டும் நிறுத்திவிட்டு வெளியே போனார். ஹெட்ஃபோன் மேஜைமேல் கிடந்தது. உள்ளே அப்படி என்னதான் கிழிக்கிறார் என்று டீச்சர் அதை எடுத்துக் காதில் மாட்டினாள்.

சட்டை உரசும் சத்தம். மூச்சு. பிறகு ஒரு முணுமுணுப்பு: வயலினுக்கு மெல்லிய குரல், அடியில் நெஞ்சிலிருந்து வேறொன்று, விரல் நுனியால் மேஜையில் தாளம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். "இல்ல, இல்ல." தாள் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி கிழிந்தது. இவ்வளவு தோற்கிற ஆளா இவர்? டீச்சர் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அப்புறம் அந்த வரியிடம் கெஞ்ச ஆரம்பித்தார். "வாடா கண்ணு... பயப்படாத... நான் இங்கதான இருக்கேன், வா."

பெற்ற பிள்ளையிடம் ஒருநாளாவது இப்படிப் பேசியிருப்பாரா! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறியக் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து அது வந்துவிட்டது. சிக்கிக்கிடந்த வரி தானாகத் திரும்பி, மேலே ஏறி, அவள் நினைக்காத இடத்தில் போய் நின்றது. ஒற்றைத் தொண்டைதான், ஆனால் மேடை நிறைய ஆட்கள் வாசிப்பதுபோல் கேட்டது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் வேறு யாருமே இதை இன்னும் கேட்கவில்லை என்று உறைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மனுஷன் விசும்பினாரா சிரித்தாரா, தெரியவில்லை.

சாயங்காலம் விளக்குகளைப் போட்டார்கள். இயக்குநர் பெண் கேட்டாள்.

"சார் இசையமைக்கும்போது வீட்ல எப்படி இருக்கும், டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். அந்தப் பழைய பதில் அப்படியேதான் இருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சொல்லத்தான் வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசேன்," என்றாள் ரகசியக் குரலில். "உள்ள இன்னும் முடியல."

யாரும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் உதட்டில் விரலை வைத்தபடி கதவுப் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள்.