கோர்ட் கலையும் வரை

பஸ்ஸில் அந்த ஆளின் கையைப் பிடித்தது பாப்பா இல்லை, அண்ணிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் போலீஸ் ஸ்டேஷன் எழுத்தரிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீல் வரை எல்லோரும் "நீங்க ஏன் பிடிக்கல?" என்றுதான் கேட்டார்கள்.

பாப்பாவுக்கு வயது முப்பத்திரண்டு. வீட்டில் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் நாலைந்து நரைமுடி வந்த பிறகும் உதிரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸை மெஷினில் வைத்து ஓரம் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, எள்ளளவு ஸ்க்ரூக்களை முடுக்குவது, வாடிக்கையாளர் காதில் உறுத்தாதபடி கம்பியை வளைத்துக் கொடுப்பது. அண்ணன், அண்ணியோடுதான் இருந்தாள். அண்ணன் சரக்கு வேன் ஓட்டினான். அண்ணி ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் தற்காலிக கிளார்க். ஆறு வருஷமாகத் தற்காலிகம். காலை எட்டே முக்கால் பஸ்ஸில் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துதான் போவார்கள்.

அன்றைக்கு அண்ணிக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். லைப்ரரி ஸ்டாப்பில் ஏறிய நீலச்சட்டைக்காரர் ஒருவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஏதோ கம்பெனியில் கணக்கர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவருடைய இடது கை பாப்பாவின் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. பிறகு கீழே இறங்கியது.

பாப்பா ஒருமுறை குனிந்து பார்த்தாள். அதன் பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். உடம்பை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, ஜன்னலுக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். 'கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்.' முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. பதிமூன்று வயதில் கற்றுக்கொண்ட வித்தை. இத்தனை வருஷத்தில் அவள் படிக்காத போர்டு எந்த பஸ்ஸிலும் பாக்கியில்லை.

அண்ணி ஏதோ சொல்வதற்காகத் தலையை நிமிர்த்தினாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யோவ், என்னய்யா பண்ற? யார் இடுப்புன்னு நெனச்சே?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கூட்டத்துல பட்டிருக்கும், விடும்மா" என்றார் ஒருவர். "ஆபீஸுக்கு லேட்டாகுது, எறங்கிப் பேசிக்கோங்க" என்றார் இன்னொருவர். டிரைவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மார்க்கெட் தாண்டி, வழக்கமாக நிற்காத இடத்தில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்தினார். அண்ணி இறங்கும்வரை பிடியை விடவில்லை. பாப்பா இரண்டு பேருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஸ்டேஷன் சுவரில் புதுச் சட்டத்தைப் பற்றி ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பொது இடத்தில் பெண்ணைத் தொடுவது, பின்தொடர்வது, கேலி பேசுவது எல்லாம் குற்றம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எழுத்தர் ஒரு பெண்மணி. அண்ணி மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"யாருக்கு நடந்துச்சோ அவங்க சொல்லணும்."

"சொல்லு பாப்பா" என்று அண்ணி முழங்கையால் இடித்தாள்.

"அண்ணி சொன்னது சரிதான்."

"அப்படி எழுத முடியாதும்மா. எங்க தொட்டாரு, எப்படித் தொட்டாரு, எவ்ளோ நேரம், உங்க வாயால வரணும்."

வந்தது. எழுத்தர் எழுதினார். பாப்பா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு மத்தியானமே கடைக்குப் போய் மூன்று கண்ணாடிகள் முடித்துக் கொடுத்தாள். ஒன்றில்கூடப் பிசகு இல்லை.

வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "ஏன் பாப்பா, உனக்கு இது வேணுமா?"

வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தாள். பல் பிடுங்கிய பிறகு மரத்த கன்னத்தைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"அவகிட்ட என்ன கேக்கறீங்க?" என்றாள் அண்ணி. "நான் இருக்கேன். கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தாள். கேஸ் கோர்ட்டுக்குப் போய் ஐந்து வாய்தா ஆனது. ஐந்துக்கும் அண்ணி கூட வந்தாள். வராந்தா பெஞ்சில் இடம் பிடிப்பாள், தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்து வைப்பாள், பெயர் கூப்பிடும் பியூனிடம் வீட்டு நலம் விசாரிப்பாள். "இந்த கோர்ட்ல ஃபேன்கூட வாய்தா வாங்கிட்டுதான் சுத்துது" என்று அவள் சொன்னதைக் கேட்டு, பக்கத்து பெஞ்சில் இருந்த கைதியே சிரித்துவிட்டான். நீலச்சட்டைக்காரர் வேறு வேறு சட்டைகளில் வந்தார். எதிரும் புதிருமாக உட்கார நேர்ந்தால் செல்போனைப் பார்ப்பார்.

ஐந்தாவது வாய்தாவுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் அண்ணியைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீலச்சட்டைக்காரருக்குத் தாய்மாமன். யாரும் குரலை உயர்த்தவில்லை. டீ கொடுத்தார்கள். "வேலை நிரந்தரம் ஆகற நேரம். கோர்ட்டு, சாட்சின்னு பேரு அடிபட்டா கமிட்டியில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று மட்டும் பெரியவர் சொன்னார். இதை அண்ணி வீட்டில் சொல்லவில்லை. வேறொருத்தர் சொல்லி அண்ணனுக்குத் தெரிந்து, பாப்பா காதுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அண்ணி எழுந்திருக்கவில்லை. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"தலையைத் தூக்க முடியல பாப்பா."

பாப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அண்ணன் வாசலில் நின்று செருப்பு மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"சரி அண்ணி. நான் போய்ட்டு வரேன்."

அரசு வக்கீலுக்கு அன்றைக்கு ஜலதோஷம். கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். "அண்ணி எங்கம்மா? அவங்கதான நமக்கு நேரில் பார்த்த சாட்சி?"

"தலைவலி, மேடம்."

"ம். இந்த மாதிரி கேஸ்ல எல்லாருக்கும் சாட்சி சொல்ற அன்னைக்குதான் தலைவலி வரும். வாய்தா கேக்கட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லிடறேன்."

தைரியம் என்று சொல்ல முடியாது. முதலாளியிடம் ஆறாவது தடவையாக லீவு கேட்டிருந்தாள். ஏழாவது கேட்க நாக்கு எழாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையான மனிதர். கூண்டில் ஏறிய பாப்பாவைப் பார்த்து "உக்காந்துகூட சொல்லலாம்மா" என்றார். பிறகு ஆரம்பித்தார்.

"பஸ்ல நல்ல கூட்டம். பிரேக் போட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் சாயறது சகஜம்தானே?"

"சகஜம்தான் சார். பட்ட கை தானா வெலகிடும். இது வெலகல. லைப்ரரி ஸ்டாப்லேர்ந்து மார்க்கெட் வரைக்கும் இருந்துச்சு."

"பின்னால நின்னவரோட கைதான்னு எப்படித் தெரியும்? திரும்பிப் பாத்தீங்களா?"

"திரும்பல. குனிஞ்சு பாத்தேன். இடது கை. நீல சட்டை. மணிக்கட்டுல இருந்த பட்டன் மத்த பட்டன் மாதிரி இல்ல, கொஞ்சம் பெரிசு. கறுப்பு நூல்ல தெச்சிருந்துச்சு. அண்ணி பிடிச்சதும் அதே கையைத்தான்."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்ணாடிக் கடையில சார். ஸ்க்ரூ போடற வேலை."

வக்கீல் குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார். "இவ்ளோ பாத்திருக்கீங்க. ஆனா கத்தல, அழல, நகரக்கூட இல்ல. இப்பவும் கடையில விலை சொல்ற மாதிரி சொல்றீங்க. நெஜமா நடந்திருந்தா ஒரு பொண்ணு இப்படியா இருப்பா?"

பாப்பா கேள்வியை நேர்மையாகவே யோசித்தாள்.

"இப்படித்தான் சார் இருப்பேன். மொத தடவை அழுதேன். அப்ப எனக்குப் பதிமூணு வயசு. அதுக்கப்புறம் அழுகை வரதில்ல."

"வேற கேள்வி இருக்கா?" என்றார் மாஜிஸ்திரேட். வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இல்லை என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு. அதற்கும் பாப்பா தனியாகத்தான் போனாள். முற்பகலில் கேஸை எடுத்தார்கள். குற்றம் நிரூபணமானது, முதல் குற்றம், குடும்பஸ்தர் என்பதால் அபராதமும் கோர்ட் கலையும் வரை காவலும் என்று மாஜிஸ்திரேட் வாசித்தார். பாப்பாவுக்குப் புரியவில்லை. அரசு வக்கீல் விளக்கினார்.

"சாயங்காலம் கோர்ட் முடியற வரைக்கும் இங்கயே உக்காரணும். எங்கயும் போகக்கூடாது."

"அவ்ளோதானா மேடம்?"

"சாட்சி இல்லாம இது கெடச்சதே பெரிசும்மா. நீ போய் வீட்ல ரெஸ்ட் எடு."

ஆனால் அவள் எப்படியோ ஏழாவது தடவையும் கேட்டு முழு நாள் லீவு போட்டிருந்தாள். இந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நீலச்சட்டைக்காரர் முன்னால், சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பியூன் அவர் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டதால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால் மேலும் மார்புக்குக் குறுக்கேயும் மாற்றி மாற்றி வைத்தார். அவர் முன்னாலேயே ஒரு வாடகைத் தகராறு வந்து போனது. ஒரு சைக்கிள் திருட்டு வந்து போனது. பாப்பா எல்லாவற்றையும் கேட்டாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

மூன்று மணி வாக்கில் வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அங்கே ஒரு பெண் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம், அவருடைய மனைவி. பாப்பா திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அந்தப் பெண் குழாயை மூடாமலே பேசினாள்.

"அன்னிக்கு கறுப்பு நூல்னு சொன்னீங்கல்ல."

"ஆமா."

"நான்தான் தெச்சேன். வீட்ல நீல நூல் தீந்து போச்சு. காலைல அவசரம்." டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். "கூட்டத்துல தெரியாமப் பட்டுதுன்னுதான் எங்கிட்ட சொல்லியிருந்தாரு. லைப்ரரிலேர்ந்து மார்க்கெட் வரைக்குமா?"

"ஆமாங்க."

அவள் தலையை ஆட்டினாள். குழாயை மூடினாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, பன்னெண்டு வயசு" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்ல நினைத்தாளோ, பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நீலச்சட்டைக்காரர் செல்போனை வாங்கிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். மனைவி பத்தடி தள்ளி நடந்தாள். கேட்டில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அண்ணி சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தாள். பாப்பா நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே அண்ணி அழ ஆரம்பித்தாள்.

"என்னை நல்லாத் திட்டிடு பாப்பா. உள்ள வெச்சுக்காத."

பாப்பா உள்ளே தேடிப் பார்த்தாள். "வந்திருக்கலாம் அண்ணி" என்றாள். அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளையிலேர்ந்து நான் எட்டே கால் பஸ்ல போயிடறேன்" என்றாள். அடுத்த வாரம் அண்ணிக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. யாரிடமும் காட்டாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

அப்படியும் தினமும் எட்டே காலுக்கு அண்ணி பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்து நிற்பாள். தன் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருக்கும். பாப்பா ஏறியதும் கையசைப்பாள். சில நாள் பாப்பாவும் அசைப்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை, பின்னால் நின்ற யாரோ ஒருவரின் உடம்பு வந்து அழுந்தியது. பாப்பாவின் கண் பழக்கப்படி ஜன்னலுக்கு மேலே போனது. அந்த பஸ் புதுசு. மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. வெறும் தகரம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

"கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"தள்ளி நில்லுங்க."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். பஸ் போய்க்கொண்டிருந்தது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கிக் கடை வாசலுக்கு வந்ததும் முழங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்தாள். நடுக்கம் தொடைக்கு ஏறியது, கைக்கு வந்தது, தாடை கடகடவென்று அடித்துக்கொண்டது. சாவியோடு வந்த முதலாளி பதறிப்போனார்.

"என்னம்மா, காய்ச்சலா? ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார். ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

அவர் ஷட்டரைத் தூக்கினார், விளக்குகளைப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். டம்ளரை எடுத்தால் சிந்திவிடும் போல இருந்தது. பாப்பா இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, அவை நடுங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.