பொறுப்பாட்சி

என் ரேஷன் அட்டையில் நான் ஒருவன் மட்டுமே இருக்கிறேன் என்பது ஆகஸ்ட் மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு சின்னசேலம் ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போனேன்.

விற்பனையாளர் அம்மா கருவியைத் திருப்பிக் காட்டினார். "ஒரு பேருதான் சார் இருக்கு."

ஜெயசுதாவின் பெயர் இருக்காது என்று தெரியும். என் மனைவி. போன நவம்பரில் மூளைக் காய்ச்சல் வந்து நான்கே நாளில் இறந்துபோனாள். மகள் தமிழ்மொழிக்கு மூன்றரை வயது. அவள் பெயர் எங்கே?

"பாப்பா பேரு வேற கார்டுல ஏறியிருக்கும். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க சார், பையப் புடிங்க."

வேறு எந்த அட்டை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயசுதாவின் அக்கா கண்ணகியும் அவள் கணவர் ஜெயப்பிரகாஷும் கச்சிராயபாளையம் தாண்டி, மலையடியில் இருக்கிறார்கள். மரவள்ளி, மக்காச்சோளம். கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. காரியம் முடிந்ததிலிருந்து தமிழ்மொழி அவர்களிடம்தான் இருக்கிறாள். என் பரீட்சை முடியட்டும் என்பது பேச்சு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உரக்கடையில் வேலை செய்துகொண்டே தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் நேரடி வகுப்பு. இந்தப் பருவத்தில் இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு. ஓர் ஆவணம் கைக்கு வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் என்று பாடத்தில் நான்கு இருக்கின்றன. யார் எழுதியது, எப்போது, யாருக்காக, அதனால் லாபம் யாருக்கு. நான்காவது எனக்குப் பிடித்துப்போனது. மனைவி போன பிறகு மனதில் எதுவும் ஓடாத எனக்கு அது ஒன்றுதான் ஓடியது.

உலக வரலாற்றை அப்படிப் படித்தால் ஒருவரையும் நம்ப முடியாது. படையோடு போனவர்கள் எல்லோரும், அந்த நாட்டாரே தங்களை அழைத்தார்கள் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 1882இல் எகிப்துக்குள் போன ஆங்கிலேயர்கள் தற்காலிகம் என்றார்கள். கடைசிச் சிப்பாய் வெளியேறியது 1956இல். முதல் உலகப் போர் முடிந்ததும் தோற்றவர்களின் நாடுகளை வென்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டோம் என்று சொல்லவில்லை, பொறுப்பாட்சி என்று பெயர் வைத்தார்கள். அந்த மக்களால் இன்னும் தனியாக நிற்க முடியவில்லை, நிற்கும் வரை பார்த்துக்கொள்கிறோம். நிற்க முடிகிறதா என்று முடிவு செய்வதும் பார்த்துக்கொள்கிறவர்களே.

அந்தப் பாடம் நடந்த அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எகிப்து, சிரியா, ஈராக். கீழே, தமிழ்மொழி.

அதற்கும் என்னிடம் ஆதாரம் இருந்தது. ஆடி மாதம் பார்க்கப் போனபோது அவளுக்குப் புதுக் கட்டில் வாங்கியிருந்தார்கள். என்னைக் கேட்காமல் அங்கன்வாடியில் சேர்த்திருந்தார்கள். விளையாட்டு நடுவில் ஒரு தடவை அவள் கண்ணகியை "அம்மா" என்றாள். "பெரியம்மா சொல்லு" என்று கண்ணகி திருத்தினாள். ஆனால் உடனே திருத்தவில்லை. நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

என்னோடு படிக்கும் தனசேகரன் போலீஸ் கான்ஸ்டபிள். வகுப்பு முடிந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ரேஷன் அட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"குடும்பத் தலைவர் நீதான? உன் போனுக்கு ஓ.டி.பி. வராம பேரெடுக்க முடியாதே" என்றான்.

"போனு அவங்க வூட்ல கெடந்துச்சி. காரியம் முடிஞ்சி பத்து நாளு நான் அங்கதான் படுத்துகினு இருந்தேன்."

"லாக் போட்டிருப்பியே?"

நான் டீயைக் குடித்தேன்.

"யோவ், நீ சரித்திரம் படிக்கிறியா, எஃப்.ஐ.ஆர். எழுதுறியா? ஸ்டேஷன்ல நானே இவ்ளோ சந்தேகப்பட மாட்டேன்."

"கொழந்த இல்லாத வூடு. மோட்டிவ் இருக்கு."

"மோட்டிவ் இருக்கறவன்லாம் செஞ்சிருந்தா எங்க இன்ஸ்பெக்டரு இந்நேரம் உசுரோடவே இருக்க மாட்டாரு. போயி நேரா கேளுய்யா."

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பழைய குறுஞ்செய்திகளைத் தேடினேன். இருந்தது. டிசம்பர் 5, காலை 11.42. ஆறு இலக்கம்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன், பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவது போல. முன்னுரை, ஆதாரம், முடிவுரை. முடிவுரை, மாலை பஸ்ஸில் மகளோடு திரும்புவது.

ஜெயப்பிரகாஷ் வாசலில் குந்தியபடி சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா சகல. இன்னா, கிளாஸ் இல்லியா? வாத்தியாரு ஓடிட்டாரா?"

"லீவு போட்டேன்."

தமிழ்மொழி என்னைப் பார்த்ததும் கண்ணகியின் புடவைக்குப் பின்னால் போனாள். நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. எப்போதும் அவள் நெற்றிக்கு மேலே எங்கோ பார்ப்பேன். அது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

கண்ணகி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தேன்.

"பாப்பாவ இட்டுகினு போக வந்தேன் அண்ணி."

"எப்போ?"

"இன்னிக்கே. ரேஷன் கார்டு விஷயம் எனக்குத் தெரிஞ்சிபோச்சி." போனை நீட்டினேன். "டிசம்பர் அஞ்சாந்தேதி. நான் இங்க படுத்துகினு இருந்தப்போ."

அவள் போனை வாங்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"படுத்துகினு இல்ல தம்பி. அன்னிக்குதான் எழுந்தீங்க. குளிச்சிட்டு, கச்சிராயபாளையம் போவணும்னீங்க. இவுரு வண்டில இட்டுகினு போனாரு."

"கச்சிராயபாளையம் இல்ல, கள்ளக்குறிச்சி" என்றார் ஜெயப்பிரகாஷ். "இங்க இ-சேவை சென்டர்ல கரண்டு இல்லன்னு அங்க போனோம். வெள்ளிக்கெழம."

"வியாழன். நான் தல குளிச்சிருந்தா வெள்ளின்னு சொல்லு. குளிக்கல. மழ வேற."

"மழ எங்க பேஞ்சிச்சி? வெயிலு மண்டயப் பொளந்துச்சி."

"நீ சும்மா இரு." கண்ணகி என் பக்கம் திரும்பினாள். "நான் வாணாம்னுதான் சொன்னேன். பேர எதுக்கு எடுக்கணும், கொஞ்ச நாளு இருக்கட்டுமேன்னேன். நீங்க கேக்கல. இவ மொகத்தப் பார்த்தா சோறு எறங்கல அண்ணி, அப்படியே அவ மூஞ்சி, உங்க கார்டுலயே எழுதிக்கங்கன்னீங்க."

ஜெயப்பிரகாஷ் குழாயைப் பார்த்தபடி சொன்னார். "வண்டிலயும் அதேதான் சொல்லிகினு வந்த சகல. சோறு எறங்கல, சோறு எறங்கலன்னு. நான் இன்னா சொல்றது? ஓட்டிகினு போனேன்."

இரண்டு சாட்சிகள் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொன்னால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது. இது முதல் அலகிலேயே வரும். இவர்கள் ஊர், கிழமை, மழை எதிலும் ஒத்துப்போகவில்லை. நான் சொன்னதில் மட்டும் ஒத்துப்போனார்கள். போதாததற்கு, என் போனைத் திறக்க என் விரல் வேண்டும். டீக்கடையில் தனசேகரன் கேட்டபோதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. இருந்தும் நம்பினேன். ஒன்பது மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டவன் ஒரே ஒரு ஆளை விசாரிக்காமல் விட்டிருந்தேன்.

"கட்டிலு?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"கீழ படுத்தா சளி புடிக்குது. அங்கன்வாடிக்கி உங்களுக்குத்தான் மூணு தடவ போன் பண்ணேன். நீங்க எடுக்கல." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு ஆச இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இருக்கு. அவ அம்மான்னு கூப்டப்போ ஒரு நிமிஷம் வாயத் தொறக்கல நான். ஆனா திருட்டுத்தனமா எதுவும் செய்யல."

"நான் இட்டுகினு போறேன்னா?"

"போங்க. அப்பா நீங்க. யாரு தடுக்கறது?" தமிழ்மொழியின் தலையில் கை வைத்தாள். "ஆனா எனக்கும் உங்க மேல சந்தேகம்தான். அன்னிக்கி சென்டர்லேந்து வந்து, இவ துணிமணிய ஒரு பையில கட்டி என் கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறினீங்க. இவ கேட்டு வரைக்கும் ஓடியாந்தா. இப்ப இட்டுகினு போவீங்க. நாலு மாசம் கழிச்சி மறுபடி அதே பையோட வந்து நின்னா? ரெண்டாந்தடவ அது தாங்காது."

வகுப்பில் படித்த எதுவும் உதவவில்லை.

கண்ணகி உள்ளே போய் ஒரு தட்டில் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். என் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல ஊட்டுங்க. மொகத்தப் பார்த்து ஊட்டுங்க. அப்புறம் பேசலாம்."

ஜெயப்பிரகாஷ் குழாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். தமிழ்மொழி கொஞ்சம் தள்ளி நின்று என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ரசம் சாதத்துக்காக வந்தாளா, எனக்காகவா, தெரியவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

பார்த்தேன். அதே முகம்தான். மெல்லும்போது இடது பக்கமே மெல்லுகிறாள், ஜெயசுதா மாதிரி. இரண்டாவது வாயில் என் கை நின்றுவிட்டது. அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பிறகு மூடிக்கொண்டு கேட்டாள்.

"நீ எப்போ போவ?"

"சாயங்காலம்."

"மறுபடி?"

"ஞாயித்துக்கெழம வருவேன்."

"பொய்யி."

அவளிடம் சத்தியம் செய்யத் தோன்றவில்லை. அடுத்த வாயை உருட்டினேன். அவள் என் கையைப் பிடித்து என் பக்கமே தள்ளினாள். "நீ துன்னு."

வாயில் போட்டுக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மென்றேன். நேரம் பிடித்தது. தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது. கண்ணகி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானதும் கண்ணகியிடம் சொன்னேன். "இன்னிக்கி இட்டுகினு போவல அண்ணி. இனிமே ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம வரேன். அவளா என்கூட வரேன்னு சொல்லட்டும், அப்புறம் கார்டு பத்திப் பேசலாம்."

"உங்க கிளாஸு?"

"வருகை குறைஞ்சா பரீட்சை எழுத வுட மாட்டாங்க. அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஓர் ஆவணத்தைப் பார்க்கிற மாதிரி.

"பாக்கலாம்" என்றாள்.